பச்சை, கருப்பு, நட்சத்திரம்: ஹவாயிலிருந்து இச்சினோமியா வரை மணலைப் படித்துச் செல்லும் வழி

பதினாறில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்கும் 2 மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட துகள் எதுவாக இருந்தாலும் நிலவியலில் அது மணல். அமெரிக்க நிலவியலாளர் செஸ்டர் வென்ட்வொர்த் 1922இல் வகுத்த அளவுகோல் இது. துகள் எந்தப் பொருளால் ஆனது என்று அந்த அளவுகோல் கேட்பதில்லை. மலையிலிருந்து ஆறு உருட்டிக் கொண்டுவந்த குவார்ட்ஸும் மணல்தான். எரிமலைக் கண்ணாடியும் மணல்தான். சிப்பி ஓட்டின் துணுக்கும், ஒற்றைச் செல் உயிர் விட்டுச்சென்ற கூடும் மணல்தான். அதனால்தான் ஒரு கரையின் மணல் இன்னொரு கரையின் மணலைப் போல இருப்பதில்லை. டச்சு நாட்டின் லீவன்ஹூக், தாம் செய்த லென்ஸ்களின் கீழ் மணலை வைத்துப் பார்த்து, மணிகளின் வடிவங்களைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதம் 1704இல் அச்சானது. அயல்நாடு போகிறவர்கள் கரை தோறும் சிறிது மணல் எடுத்துவந்து ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கத்துக்கு அடிப்படை அந்தப் பார்வையே.

இதற்கு வேண்டிய கருவிகள் குறைவு. பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைலென்ஸ், பாலித்தீன் உறைக்குள் போட்ட ஒரு காந்தம், சிறு குப்பியில் வினிகர், அளவு குறித்த ஒரு சீட்டு. மணலின் மேல் வினிகர் சொட்டினால் நுரைப்பது சுண்ணாம்பு: பவளம், சிப்பி, சங்கு இவற்றின் எச்சம். காந்தத்தில் ஒட்டுவது பெரும்பாலும் மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம். இரண்டுக்கும் அசையாமல் கண்ணாடித் துண்டு போல ஒளியை ஊடுருவ விடுவது பெரும்பாலும் குவார்ட்ஸ். மாதிரி எடுக்க அனுமதி உள்ள இடத்தில் இரண்டு மேசைக்கரண்டி போதும். நன்னீரில் அலசி உப்பைப் போக்கி, நிழலில் உலர்த்தி, குப்பியில் இட வேண்டும். குப்பியைவிட மதிப்புள்ளது அதன் மேல் ஒட்டும் சீட்டு. நாடு, கரையின் பெயர், அலை தொடும் வரியில் எடுத்ததா மணற்குன்றின் மேல் எடுத்ததா, தேதி, எடுத்தவர் பெயர் ஆகியவை அதில் இருக்க வேண்டும். சீட்டு இல்லாத மணல், எவ்வளவு அழகாக இருந்தாலும், ஆய்வுக்கு உதவாது.

இந்தப் பயணம் ஹவாய்த் தீவின் தென்முனையான கா லாயேயில் தொடங்குகிறது. அங்கிருந்து காற்று அறையும் புல்வெளி வழியாகக் கிழக்கே நடந்தால் பப்பாகோலேயா வளைகுடா வரும். ஏறத்தாழ 49,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த பூ மஹானா என்னும் எரிமலைச் சாம்பல் கூம்பின் ஒரு பக்கத்தைக் கடல் அரித்துத் தின்றிருக்கிறது. அந்தக் குழிவில் கிடக்கும் மணல் பாசிப்பச்சை. சாம்பலில் கலந்திருந்த ஆலிவின் என்ற கனிமம் அந்த நிறத்தைத் தருகிறது. மக்னீசியமும் இரும்பும் சேர்ந்த சிலிக்கேட் அது. பெரிய, தெளிந்த துண்டாகக் கிடைத்தால் பெரிடாட் என்ற பெயரில் நகையில் பதிக்கப்படுவதும் அதுவே. கூம்பிலிருந்து உதிர்வது சாம்பலும் கண்ணாடித் துணுக்கும் ஆலிவினும் கலந்த கலவை. ஆலிவின் கனமானது. அலை ஏறி இறங்கும்போது இலேசான கருந்துகள்கள் கடலுக்குள் போய்விடுகின்றன, கனமான பச்சை மணிகள் கரையில் தங்குகின்றன. அரிசி களையும் பெண் கல்லைப் பிரிப்பது போலத்தான் கடல் இங்கே வேலை செய்கிறது.

லென்ஸ் வழியே பார்த்தால் பச்சைக்குள்ளும் பல பச்சை தெரியும். சில மணிகள் நீர் போல் தெளிந்தவை, சில மஞ்சள் ஓடியவை, ஒன்றிரண்டில் கரும்புள்ளி. ஆலிவின் வேகமாகச் சிதைகிற கனிமம். காற்றும் நீரும் பட்டால் இரும்பு துருப்பிடித்துச் சில ஆயிரம் ஆண்டுகளிலேயே உருமாறத் தொடங்கும். குவார்ட்ஸ் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஒரு மலையிலிருந்து இன்னொரு கடலுக்கு மாறி மாறிப் பயணிக்கும். ஆலிவினுக்கு அந்த ஆயுள் கிடையாது. கூம்பு தொடர்ந்து கரைந்து புதிய மணிகளை உதிர்க்கும் வரைக்கும்தான் இந்தக் கரை பச்சையாக இருக்கும். உலகில் பச்சை மணற்கரைகள் மிகச் சில என்பதற்குக் காரணம் இதுவே. குவாம் தீவிலும் கலாபகோஸின் ஃபுளோரியானா தீவிலும் வேறு இரண்டு இருக்கின்றன.

தீவின் தென்கிழக்கில் புனலுவு கரை கன்னங்கரேலென்று கிடக்கிறது. சூடான பாறைக்குழம்பு கடலில் விழும்போது நீர் ஒரே நொடியில் ஆவியாகி வெடிக்க, குழம்பு கண்ணாடித் துகளாகச் சிதறுகிறது. அந்தத் துகள்களே கருமணல். ஆறு கொண்டுவரும் மணல் சேர யுகங்கள் ஆகும். இது சில வாரங்களில் சேர்ந்துவிடும். 2018இல் கிலவேயா எரிமலை பொங்கியபோது போஹோய்க்கி படகுத்துறையருகே முன்பு இல்லாத ஒரு கருமணற்கரை அந்த ஆண்டுக்குள்ளேயே உருவானது. அதே எரிமலை 1990இல் காய்மூ என்ற புகழ்பெற்ற கருமணற்கரையைப் பாறைக்குழம்பால் மூடி அழித்தது. ஒரு மலை தன் கரையைத் தானே செய்து தானே விழுங்குகிறது. குழம்பு கடலை அடைவது நின்றுவிட்டால் கருமணலுக்கு வரவு இல்லை. அலை இழுத்துச் செல்வது மட்டும் நிற்காது. புனலுவில் பச்சைக் கடலாமைகள் இந்த மணலில் ஏறி வெயில் காய்கின்றன.

இங்கிருந்து மணல் எடுத்துப்போகக் கூடாது. கரையிலிருந்து மணலோ, இறந்த பவளமோ, கல்லோ எடுப்பதை ஹவாய் மாநிலச் சட்டம் தடுக்கிறது. காலிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு வருவதற்கு மட்டும் விலக்கு. எடுத்துப் போனவர்கள் பிறகு தபாலில் திருப்பி அனுப்பும் கற்களும் மணலும் எரிமலைத் தேசியப் பூங்கா அலுவலகத்துக்கு ஆண்டு தோறும் வந்து குவிகின்றன. எரிமலைத் தெய்வம் பெலே சாபம் இடுவாள் என்ற பேச்சுக்குப் பயந்து அனுப்புகிறார்கள். அந்தச் சாபக் கதை பழைய ஹவாய் மரபைச் சேர்ந்ததாகத் தெரியவில்லை, இருபதாம் நூற்றாண்டில் பரவியது. ஆனால் நிலத்தைப் பெலேயின் உடலாகக் கருதும் மரியாதை பழையது, அதற்குக் கதையின் துணை தேவையில்லை. இத்தாலியின் சார்டினியா தீவும் 2017 முதல் மணல் எடுப்போர்க்கு 500 முதல் 3,000 யூரோ வரை அபராதம் விதிக்கிறது. 2019இல் அங்கே 40 கிலோ வெண்மணலை வண்டியில் ஏற்றிய இருவர் பிடிபட்டார்கள். சேகரிப்போர் எடுக்கும் இரண்டு கரண்டிக்கு இவ்வளவு கண்டிப்பா என்று தோன்றலாம். ஆண்டுக்குப் பல இலட்சம் பேர் வந்து போகும் கரையில் இரண்டு கரண்டிகள் கூடினால் கணக்கு வேறு. கண்டிப்பே சரி. ஹவாயின் மணலைக் கரையில் மண்டியிட்டு லென்ஸால் பார்த்து, படம் எடுத்து, குறிப்பெழுதி, அங்கேயே விட்டுவிட வேண்டும்.

ஓவாஹு தீவுக்கு வந்தால் மணல் வெண்மையாகிறது. வினிகர் பட்டதும் நுரைக்கும் மணல். பவளமும் சிப்பியும் சுண்ணாம்புப் பாசியும் உடைந்து சேர்ந்தது. இதில் கிளிமீனின் பங்கு பெரிது. கிளி மூக்கு போன்ற பற்களால் பவளப்பாறையைச் சுரண்டிப் பாசியைத் தின்னும் இந்த மீன், கூடவே விழுங்கிய சுண்ணாம்பைத் தொண்டையில் உள்ள அரைவைப் பற்களால் மாவாக்கிக் கழிவாக வெளியேற்றுகிறது. பெரிய மீன் ஒன்று ஓர் ஆண்டில் பல நூறு கிலோ மணலை இப்படித் தரும். ஆனால் புகழ்பெற்ற வைக்கிக்கியின் மணலை இயற்கை மணல் என்று சீட்டில் எழுத முடியாது. இருபதாம் நூற்றாண்டில் விடுதிகளும் தடுப்புச் சுவர்களும் எழுந்தபின் கரை தேய்ந்தது. வேறிடங்களிலிருந்து மணல் கொண்டுவந்து கொட்டினார்கள். மொலோகாய் தீவின் பாப்போஹாக்கு கரையில் 1970கள் வரை மணல் வெட்டிக் கப்பலேற்றினார்கள். ஆகவே வைக்கிக்கியில் ஒரு பிடி மணல் பல கரைகளின் கலப்பு. அளவுகோல் வகுத்த வென்ட்வொர்த் பின்னாளில் இதே ஹொனலுலு நகரின் குடிநீர் வாரியத்தில்தான் நிலவியலாளராக இருந்தார்.

பசிபிக் பெருங்கடலின் மறுகோடியில், தைவானுக்கு அருகே, ஜப்பானின் யாயெயாமாத் தீவுகள். அவற்றில் தக்கெதோமி கையகலத் தீவு. செங்கல் நிற ஓடு வேய்ந்த தாழ்ந்த வீடுகள், சாந்து பூசாமல் அடுக்கிய பவளக்கல் மதில்கள், நடுவே வெண்மணல் பரப்பிய தெருக்கள். காலையில் ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் வாசலுக்கு முன்னுள்ள தெருவைப் பெருக்குகிறார்கள். விளக்குமாறு விட்ட வரிகள் மணலில் பதிந்திருக்கும். நிலவொளியில் ஹாபு என்ற நச்சுப் பாம்பு தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் வெண்மணல் போடுகிறோம் என்று ஊரார் சொல்வதுண்டு. 1986இல் தீவு மக்கள் தங்களுக்கென்று ஒரு சாசனம் எழுதிக்கொண்டார்கள். நிலத்தை வெளியாருக்கு விற்பதில்லை, அழுக்காக்குவதில்லை, குலைப்பதில்லை, உடைப்பதில்லை, மரபைக் காத்துப் பயன்கொள்வது என்பவை அதன் விதிகள். பெருக்கிய தெரு அந்தச் சாசனம் நடைமுறையில் இருப்பதற்குச் சான்று.

தெற்கே கைஜிக் கரையில் உள்ளங்கையை மணலில் அழுத்தி எடுத்தால் கையில் ஒட்டியிருக்கும் துகள்களில் சில, ஐந்தாறு முனைகள் கொண்ட நட்சத்திரங்கள். இவை ஒற்றைச் செல் உயிர்களின் சுண்ணாம்புக் கூடுகள். ஃபொராமினிஃபெரா என்ற பெருங்குழுவில் பாக்குலோஜிப்சினா என்ற வகை இது. பவளத்திட்டின் ஆழமற்ற நீரில் பாசிகளைப் பற்றிக்கொண்டு வாழும். தன் உடலுக்குள்ளேயே நுண்பாசிகளைக் குடிவைத்து, அவை ஒளியில் ஆக்கும் உணவைப் பகிர்ந்துகொள்ளும். இறந்தபின் கூடு மட்டும் கரை ஒதுங்கும். உருண்டையான உடலிலிருந்து நீண்ட கதிர்கள் கிளம்பும் கல்கரீனா என்ற இன்னொரு வகையைத் தீவினர் சூரிய மணல் என்கிறார்கள். ஊரில் வழங்கும் கதையில் வட துருவ விண்மீனும் தென் சிலுவை விண்மீனும் தக்கெதோமிக்குத் தெற்கே கடலில் குழந்தைகளைப் பெற்றன. தன்னிடம் கேளாமல் நடந்ததென்று சினந்த கடல் தெய்வம் பெரும்பாம்பை ஏவி அவற்றைக் கொல்லச் செய்தது. கரை ஒதுங்கிய எலும்புகளை ஊர்ப் பூசாரிப் பெண் தூபக்கலத்தில் இட்டு, புகையோடு அவற்றை வானத்துக்கு அனுப்பினாள். கரையில் கிடப்பவை உயிர்களின் எச்சம் என்பதைக் கதை கட்டியவர்கள் நுண்ணோக்கி இல்லாமலே சரியாகப் பிடித்திருக்கிறார்கள்.

இந்தச் சிற்றுயிர்கள் கரைக்கு அணி செய்வதோடு நிற்பதில்லை. தென் பசிபிக்கின் துவாலு போன்ற பவளத்தீவு நாடுகளில் நிலத்தின் பெரும்பகுதியே இவற்றின் கூடுகள் குவிந்து உண்டானது. கழிவுநீர் கலந்து திட்டின் நீர் கெட்டால் இவை குறையும். இவை குறைந்தால் தீவுக்கு மணல் வரத்து குறையும். கடல் மட்டம் உயரும் காலத்தில் இது அந்த நாடுகளின் உயிர்ப் பிரச்சினை. கைஜிக் கரையில் கையில் ஒட்டியதைப் பார்த்துவிட்டு அங்கேயே உதறிவிடும்படி வருவோரைக் கேட்டுக்கொள்கிறார்கள். சேகரத்துக்கு வேண்டுமென்றால் கடையில் சிறு குப்பிகள் கிடைக்கும். ஆனால் எந்தக் கரை, எந்த நாள் என்று அவற்றில் இல்லாததால் படிப்புக்கு அவை பயன்படா.

ஹொன்ஷு தீவின் மேற்கில் ஷிமானே மாவட்டம். இங்கே காந்தம்தான் முதல் கருவி. சூகோக்கு மலைகளின் கிரானைட் மட்கி உதிரும்போது அதில் மிகச் சிறு அளவில் மேக்னடைட் இருக்கும். ஒகுயிசுமோப் பகுதியினர் நூற்றாண்டுக் கணக்கில் மலைச்சரிவை வெட்டி வாய்க்கால் நீரில் கரைத்து ஓட விட்டார்கள். கனமான இரும்பு மணல் வாய்க்காலின் அடியில் தங்கும், மற்றது ஆற்றோடு போகும். தங்கியதைக் களிமண் உலையில் மரக்கரியோடு இட்டு மூன்று பகல் மூன்று இரவு துருத்தி ஊதி எஃகு எடுத்தார்கள். சமுராய் வாள்களின் எஃகு இது. தத்தாரா எனப்படும் இந்த உலையை வாள் பாதுகாப்புச் சங்கத்தார் 1977இல் மறுபடி மூட்டினார்கள், இன்றும் குளிர்காலத்தில் எரிகிறது. ஒரு முறைக்கு 10 டன் இரும்பு மணலும் 12 டன் கரியும் போட்டு 2.5 டன் கட்டி எடுக்கிறார்கள். வாய்க்காலோடு போன மணலின் கதை இன்னும் பெரிது. ஹீ ஆறு அதைச் சுமந்து தன் படுகையையே வயல்களைவிட உயர்த்திக்கொண்டது, இசுமோச் சமவெளியை விரிவாக்கியது. வெட்டிய சரிவுகள் இன்று அடுக்கு நெல் வயல்கள். ஒரு தொழில் தன் கழிவாலேயே ஒரு வட்டாரத்தின் நில அமைப்பை எழுதிய இடம் இதுபோல் அதிகம் இல்லை.

அதே மாவட்டத்தின் கடற்கரையில் நீமா ஊர். கொத்தோகஹாமா கரையில் குதிகாலை இழுத்து நடந்தால் மணல் கீச்சென்று ஒலிக்கும். 1185இல் தான்னோஉரா கடற்போரில் தோற்ற ஹெய்கே குலத்து இளவரசி ஒருத்தி தன் கொத்தோ யாழோடு இங்கே கரை ஒதுங்கினாள், தன்னைக் காத்த ஊராருக்கு நாள்தோறும் வாசித்தாள், அவள் இறந்தபின் மணல் வாசிக்கத் தொடங்கியது என்பது ஊர்க்கதை. ஒலிக்கும் மணலில் குவார்ட்ஸ் மிகுதி. மணிகள் ஏறத்தாழ ஒரே அளவு, முனை மழுங்கியவை, அழுக்கற்றவை. கால் அழுத்தும்போது மணற்படலங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி அதிர்வதால் ஒலி வருகிறது. மணியின் மேல் எண்ணெயோ தூசியோ மெல்லிய பூச்சாகப் படிந்தாலும் உராய்வு மாறி ஒலி அடங்கிவிடும். திரும்பத் திரும்ப நன்னீரில் அலசினால் மீளும். ஆகவே பாடும் கரை என்பது கடல் சுத்தமாக இருப்பதற்கு ஓர் அளவை. தோஷிஷா பல்கலைக்கழகத்துத் துகளியல் பேராசிரியர் மிவா ஷிகேயோ ஜப்பானின் பாடும் கரைகளைத் தேடித் தேடிப் பதிவு செய்து, அவை ஊமையாவதைப் பற்றி ஊர் ஊராக எச்சரித்தார். கியோத்தோ மாவட்டத்தின் கொத்தோபிகிஹாமா கரையில் 2001 முதல் புகை பிடிக்கவே தடை. சாம்பலும் துண்டும் மணலின் குரலைக் கெடுக்கும் என்பது காரணம்.

நீமாவின் மணல் அருங்காட்சியகம் 1991இல் திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் தகாமாத்சு ஷின் வடிவமைத்த ஆறு கண்ணாடிப் பிரமிடுகள் வயல்களுக்கு நடுவே நிற்கின்றன. பெரிய பிரமிடுக்குள் தொங்குவது 5.2 மீட்டர் நீளமும் 1 மீட்டர் விட்டமும் கொண்ட ஒரு மணற்கடிகாரம். 1 டன் மணல் 0.84 மில்லிமீட்டர் துளை வழியே ஓராண்டு முழுதும் இறங்குகிறது. நீர்க்கடிகாரத்தில் நீர்மட்டம் தாழத் தாழ ஒழுக்கு மெதுவாகும். மணலில் அப்படி இல்லை. மணிகள் ஒன்றையொன்று தாங்கி மேற்பாரத்தைச் சுவருக்குக் கடத்துவதால், மேலே எவ்வளவு இருந்தாலும் துளையில் இறங்கும் வேகம் ஏறக்குறைய ஒன்றே. உள்ளூரின் பாடும் மணலை இதற்குப் பயன்படுத்தவில்லை. யாமகாத்தா மாவட்டத்து மணலிலிருந்து சலித்தெடுத்த, சராசரி 0.1 மில்லிமீட்டர் அளவே உள்ள பொடிமணல் வந்தது. ஆண்டின் கடைசி நள்ளிரவில் 108 பேர் கயிறு பிடித்து இழுத்துக் கடிகாரத்தைக் கவிழ்க்கிறார்கள். புத்த கோயில்களில் அதே நேரம் 108 முறை மணி அடிக்கும்.

கிழக்கே கடலோரமாகவே போனால் தொத்தோரி மணற்குன்றுகள். செந்தாய் ஆறு மலையிலிருந்து கொண்டுவந்த கிரானைட் மணலைக் கடல் வாங்கி, குளிர்காலக் காற்று திருப்பிக் கரையேற்றியதால் கிழக்கு மேற்காக 16 கிலோமீட்டர் பரந்து கிடக்கிறது. 1955 முதல் இயற்கை நினைவுச்சின்னம். போருக்குப் பின் மணல் வயலுக்குள் புகாதிருக்கப் பைன் மரங்கள் நட்டார்கள்; காற்று அடங்கி, குன்றுகளில் புல் முளைத்தது. இப்போது குன்று குன்றாக இருக்கத் தன்னார்வலர்கள் புல் பிடுங்குகிறார்கள். ஓரங்களில் ரக்கியோ என்ற சிறு வெங்காய வகை பயிராகிறது. இங்கும் மணல் எடுக்கத் தடை.

பயணம் முடியுமிடம் தோக்கியோவுக்குக் கிழக்கே, சீபா மாவட்டத்தின் இச்சினோமியா. 1944 நவம்பர் முதல் ஜப்பானியப் படை, மல்பெரி இனத்து மரப்பட்டைக் காகிதத்தைக் கிழங்குப் பசையால் ஒட்டிச் செய்த ஹைட்ரஜன் பலூன்களில் குண்டு கட்டி, மேல்வானக் காற்றோட்டத்தில் அமெரிக்காவை நோக்கி ஏறத்தாழ 9,000 விட்டது. பள்ளிச் சிறுமிகளே அந்தக் காகிதங்களை ஒட்டினார்கள். உயரம் தாழும்போது தானே கழன்று விழ மணல் மூட்டைகள் தொங்கவிடப்பட்டன. 1945 மே 5 அன்று ஓரிகன் மாநிலத்துக் காட்டில் கிடந்த ஒரு பலூன் குண்டு வெடித்து, ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் ஐந்து சிறார்களும் இறந்தார்கள்.

அதற்கு முன்பே, கிடைத்த மூட்டைகளின் மணல் அமெரிக்க நிலவியல் அளவாய்வுத் துறையின் இராணுவ நிலவியல் பிரிவுக்குப் போயிருந்தது. அவர்கள் செய்தது இந்தப் பயணத்தில் லென்ஸும் வினிகரும் செய்ததன் விரிவு. பவளத் துணுக்கு ஒன்றுகூட இல்லை. தக்கெதோமி போன்ற தென்கரை என்றால் பவளம் இல்லாதிருக்காது. எனவே 35 பாகை அட்சத்துக்கு வடக்கே. கனிமங்களில் எரிமலைப் பாறையின் அடையாளம், கிரானைட்டின் அடையாளம் இல்லை. எனவே தொத்தோரி போன்ற கிரானைட் மணற்கரையும் இல்லை. டயாட்டம் என்னும் நுண்பாசியின் நூற்றுக்கு மேற்பட்ட இனங்களும், போருக்கு முன் ஜப்பானிய நிலவியலாளர்களே வெளியிட்டிருந்த கட்டுரைகளில் விவரித்த ஃபொராமினிஃபெராக்களும் இடத்தை மேலும் சுருக்கின. முடிவில் இரண்டு கரைகள் மிஞ்சின, ஒன்று இச்சினோமியா. வானிலிருந்து எடுத்த படங்களில் அதன் அருகே ஹைட்ரஜன் ஆலைகள் தெரிந்தன. இச்சினோமியா உண்மையாகவே பலூன் விட்ட தளங்களில் ஒன்று. ஒரு பிடி மணலிலிருந்து கடலின் மறுகரையில் ஓர் ஊரைச் சுட்டிய இந்த ஆய்வு, மணலைப் படிக்கும் கலைக்குப் போரில் கிடைத்த சான்று.

அமைதிக் காலத்துச் சான்று தமிழ்க் கரையில் இருக்கிறது. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தேங்காய்நாரில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்து அதில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டார். நாரின் வழியைப் பின்தொடர்ந்து, இன்று குமரி மாவட்டத்தில் உள்ள மணவாளக்குறிச்சிக் கரையின் கனிம மணல் உலகுக்குத் தெரிந்தது. வாயு விளக்குத் திரிகளுக்கான தோரியத்தை அப்போது அந்த மணல் தந்தது.

இன்றைய இச்சினோமியாவில் அலைச்சறுக்குப் பலகைகளைச் சுமந்தவர்களே அதிகம். தோக்கியோ ஒலிம்பிக்கின் அலைச்சறுக்குப் போட்டி 2021இல் இங்குள்ள சுரிகசாக்கிக் கரையில் நடந்தது. வடக்கே நீளும் குஜூகூரிக் கரை 60 கிலோமீட்டருக்கு மேல் செல்கிறது. இரு முனைகளிலும் உள்ள செங்குத்துப் பாறைச் சரிவுகள் அலையில் இடிந்து மணல் தந்து வந்தன. அவை இடியாமல் இருக்கக் காங்கிரீட் கட்டைகள் போட்டதும் வரத்து குறைந்து கரை மெலிந்தது. அதைப் பிடித்து நிறுத்தக் கடலுக்குள் செயற்கை முனைகள் கட்டி, மணலும் கொண்டுவந்து நிரப்புகிறார்கள். ஆகவே இச்சினோமியாவில் எடுக்கும் மாதிரி 1944இன் மூட்டையில் இருந்த மணலோடு ஒத்துப்போகும் என்று கொள்ள முடியாது. இங்கே சீட்டில் இடத்தோடு ஆண்டையும், எந்த இரு செயற்கை முனைகளுக்கு நடுவே எடுத்தது என்பதையும், அருகில் அண்மையில் மணல் நிரப்பியிருந்தால் அதையும் எழுத வேண்டும்.